தயிர்க் காலனியிலிருந்து ஜீனோம் அறிக்கை வரை: புரோபயாடிக் பாக்டீரியாவின் பாதுகாப்பை மதிப்பிடும் முறை

உதகையில் மார்கழி, தை மாதங்களில் பாலுக்கு உறை ஊற்றி மேடையிலேயே வைத்துவிட்டால், மறுநாள் காலையிலும் அது பெரும்பாலும் பாலாகவே இருக்கும். அடுப்போரத்தில் வைத்தோ, கம்பளியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்தோதான் தோய்க்க வேண்டும். இந்தக் குளிரிலும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் உறையில் என்னென்ன பாக்டீரியா வாழ்கின்றன என்ற ஆவல் இங்கே நுண்ணுயிரியல் படிக்க வருகிறவர்களுக்கு இயல்பாகவே எழுகிறது. தோடர் பழங்குடியினரின் மந்து என்னும் குடியிருப்புகளின் எருமைத் தயிர், கோத்தகிரிப் பக்கத்து வீடுகளின் மோர் என்று மாதிரிகள் வந்து சேரும். லாக்டிக் அமிலப் பாக்டீரியாவை வளர்க்கும் எம்ஆர்எஸ் அகார் ஊடகத்தில் வெண்ணிறக் காலனிகள், அதாவது பெருகிய பாக்டீரியாத் திட்டுகள், முளைக்கும். கிராம் பாசிட்டிவ், கேட்டலேஸ் நெகட்டிவ், பித்த உப்பைத் தாங்குகிறது, பிஎச் 3 அமிலத்திலும் பிழைக்கிறது என்று நான்கு வரி எழுதியவுடன் அதற்கு, உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர் என்னும் பொருளில், ‘புரோபயாடிக்’ என்று பெயரும் சூட்டிவிடுகிறார்கள்.

“தயிரில் இருந்து வந்ததுதானே சார், இதற்கு எதற்குப் பாதுகாப்புச் சோதனை?” என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. தயிரில் அந்தப் பாக்டீரியா பல வகை நுண்ணுயிர்களுக்கு நடுவே ஒன்றாக இருக்கிறது. அதை உண்பவர்களும் சிறு வயது முதல் அதற்குப் பழகியவர்கள். அதையே தனியாகப் பிரித்து, வளர்த்து, உலர்த்தி மாத்திரையில் அடைத்தால், தினமும் பல கோடிச் செல்கள், குறைமாதக் குழந்தை முதல் புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் வரை, யாருடைய குடலுக்குள்ளும் போகும். 2016ஆம் ஆண்டின் இந்திய உணவுப் பாதுகாப்பு விதிமுறை, நாளொன்றுக்கு உட்கொள்ளும் அளவில் பொதுவாகக் குறைந்தது 10 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும் என்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் புரோபயாடிக் கொடுக்கப்பட்ட சிலரின் இரத்தத்தில் வளர்ந்த பாக்டீரியாவும் அவர்களுக்குக் கொடுத்த மாத்திரையில் இருந்த பாக்டீரியாவும் ஒன்றே என்பதை 2019இல் வெளியான ஓர் ஆய்வு, இரண்டின் ஜீனோம்களையும், அதாவது முழு டிஎன்ஏ வரிசைகளையும், ஒப்பிட்டே நிறுவியது. இது அரிதாக நடப்பது. நலமாக இருப்பவர்களுக்கு அச்சம் தர வேண்டிய செய்தியும் அன்று. ஆனாலும் நாம் எதை ஆராய்கிறோம், ஏன் ஆராய்கிறோம் என்பது அதிலிருந்து விளங்கும்.

தொடங்கும் முன்னரே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜீனோம் என்பது அந்த உயிரால் என்ன செய்ய முடியும் என்பதன் பட்டியலே தவிர, அது என்ன செய்கிறது என்பதன் பதிவு அன்று. மென்பொருள் ஒரு மரபணுவின் பெயரை அட்டவணையில் காட்டிவிட்டால் ஆபத்து என்றும், காட்டாவிட்டால் பாதுகாப்பு என்றும் முடிவு கட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை.

மாதிரியும் அனுமதியும்

தோடர்களின் கோயில் எருமைகளின் பாலை நாம் கேட்கவே கூடாது. வீட்டு எருமைப் பாலில் தோய்த்த தயிரை, எதற்காக எடுக்கிறோம் என்பதை விளக்கி, குடும்பத்தாரின் இசைவை எழுத்தில் பெற்றுக்கொண்டு வாங்க வேண்டும். பின்னாளில் காப்புரிமையோ வணிகப் பயன்பாடோ மனதில் இருந்தால், 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் குறுக்கிடும். சென்னையில் இயங்கும் தேசியப் பல்லுயிர்ப் பெருக்க ஆணையத்தையும் மாநில வாரியத்தையும் முன்கூட்டியே அணுகிவிடுவது நல்லது. வேலையெல்லாம் முடிந்த பிறகு தாள்களைத் தேடுவது பெரும் தலைவலி.

காலனியைத் தூய்மைப்படுத்துதல்

இந்தப் படியைத்தான் பலர் அவசரமாகக் கடக்கிறார்கள், நானும் கடந்திருக்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் ஏழாம் எண் கொடுத்திருந்த ஒரு காலனியை இரண்டே முறை அகார்த் தட்டில் கோடிழுத்துப் பிரித்துவிட்டுத் தூய்மையாகிவிட்டது என்று நம்பி டிஎன்ஏ எடுத்து அனுப்பினோம். தரவு வந்தது, துண்டு துண்டான வரிசைகளை இணைத்துத் தொகுத்தோம். மொத்த நீளம் 61 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் (ஏ, டி, ஜி, சி) என்று வந்தது. நாங்கள் எதிர்பார்த்த லாக்டிக் அமிலப் பாக்டீரியாவான லாக்டிபிளான்டிபாசில்லஸ் பிளான்டாரத்தின் ஜீனோம் ஏறத்தாழ 33 லட்சம் எழுத்துகளே. துண்டுகளை ஜி, சி ஆகிய இரண்டு எழுத்துகளின் விழுக்காட்டின்படி வரைந்து பார்த்தபோது, 44க்கு அருகே ஒரு மேடும் 38க்கு அருகே இன்னொரு மேடுமாக, ஒட்டகத்தின் முதுகைப் போல இரண்டு திமில்கள் தெரிந்தன. உடன் இருந்தது என்டரோகாக்கஸ் ஃபேசியம் என்ற வேறொரு பாக்டீரியா. அதன் ஜீனோம் சுமார் 28 லட்சம் எழுத்துகள், இரண்டையும் கூட்டினால் கணக்குச் சரியாகிவிடுகிறது. பழைய கிராம் சாயச் சில்லை மறுபடியும் நுண்ணோக்கியில் வைத்தபோது, கோல் வடிவச் செல்களுக்கு நடுவே இணை இணையாக உருண்டைச் செல்கள் இருந்தன. முதல் முறை ஒரே ஒரு பார்வைப் புலத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிட்டோம்.

ஆகவே குறைந்தது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் தனித்து நிற்கும் ஒரே காலனியிலிருந்து கோடிழுக்க வேண்டும். சாயச் சில்லில் பத்துப் புலங்களையாவது பார்க்க வேண்டும். தூய்மையான வளர்ப்பை உடனே 20 விழுக்காடு கிளிசராலில் கலந்து உறைநிலையில் வைத்துவிட வேண்டும். வரிசைப்படுத்தப் போகும் டிஎன்ஏவும் பின்னர் செய்யும் எல்லாச் சோதனைகளும் அந்தக் குப்பியிலிருந்தே வர வேண்டும்.

டிஎன்ஏ எடுத்தல்

லாக்டிக் அமிலப் பாக்டீரியாவின் செல்சுவர் தடிமனானது. சுவரைக் கரைக்கும் லைசோசைம் நொதியைச் சேர்த்து 37 டிகிரியில் போதிய நேரம் வைக்காமல் அடுத்த படிக்குப் போனால் டிஎன்ஏ கிடைக்காது. மியூட்டனோலைசின் என்ற இன்னொரு நொதியையும் சேர்த்தால் பலன் கூடும். நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லையும் இருக்கிறது. செய்முறைக் குறிப்பில் ‘அறை வெப்பநிலை’ என்று எழுதியவர் 25 டிகிரியை மனதில் வைத்து எழுதியிருப்பார். உதகை ஆய்வகத்தில் ஜனவரிக் காலையில் அறை வெப்பநிலை அதில் பாதிதான். செல்களை உடைக்கும் சோப்புப் பொருளான எஸ்டிஎஸ்ஸின் கரைசல் அந்தக் குளிரில் வெள்ளைத் துகள்களாகப் படிந்துவிடும், அதைக் கவனிக்காமல் ஊற்றினால் செல்கள் உடையா. புட்டியை 37 டிகிரித் தண்ணீர்த் தொட்டியில் வைத்து முழுதும் கரைந்த பிறகே பயன்படுத்த வேண்டும். சுத்தமான டிஎன்ஏ சில நாள் வெளியில் இருந்தாலும் கெடாது. மழைக்காலத்தில் பர்லியாறு வழியில் மண் சரிந்து கூரியர் கோவைக்குப் போய்ச் சேர இரண்டு நாள் தாமதமானால் அதற்காகப் பதற வேண்டியதில்லை.

எவ்வளவு தரவு, எந்த வகைத் தரவு

33 லட்சம் எழுத்துள்ள ஜீனோமை ஒவ்வோர் இடத்திலும் சராசரியாக 100 முறை படிக்க 33 கோடி எழுத்துகள் வேண்டும். 150 எழுத்து நீளமுள்ள குறும்படிப்புகளானால் (கருவி ஒரு தடவையில் படிக்கும் சிறு துண்டுகள்) 22 லட்சம், அதாவது 11 லட்சம் இணைகள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கை 30 மடங்கையே கீழ் எல்லையாகக் கேட்கிறது என்றாலும், 100 மடங்கு வாங்குவதற்கு ஆகும் கூடுதல் செலவு சொற்பம் என்பதால் கஞ்சப்பட வேண்டாம். குறும்படிப்புகளின் எழுத்துத் துல்லியம் உயர்வு; ஆனால் ஒரே மாதிரியான பகுதி ஜீனோமில் பல இடங்களில் வந்தால் அவை குழம்பி, தொகுப்பு அங்கே துண்டாகிவிடும். நானோபோர் போன்ற கருவிகள் தரும் நெடும்படிப்புகள் அந்த இடங்களைத் தாண்டிச் செல்லும். கையில் பணம் இருந்தால் இரண்டையும் சேர்த்து வாங்குங்கள். குறைவாக இருந்தால் முதலில் குறும்படிப்பு, சந்தேகம் எழுந்தால் பிறகு நெடும்படிப்பு. அந்தச் சந்தேகம் எங்கே எழும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தரவு வந்ததும் ஃபாஸ்ட்க்யூசி என்ற மென்பொருள் கொண்டு தரத்தைப் பார்த்து, ஃபாஸ்ட்பி கொண்டு வரிசைப்படுத்துவதற்காக ஒட்டிய அடாப்டர் எச்சங்களை வெட்டி, ஸ்பேட்ஸ் அல்லது யூனிசைக்ளர் கொண்டு தொகுத்து, தொகுப்பின் தரத்தைக் காட்டும் குவாஸ்ட், செக்எம் இரண்டையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். வலிமையான கணினி இல்லாதவர்கள் கேலக்ஸி என்ற இலவச இணையத் தளத்தில் இவை அனைத்தையும் செய்துகொள்ளலாம். மலையில் மின்சாரம் போனாலும் வேலை அங்கே ஓடிக்கொண்டிருக்கும். மொத்த நீளம் அந்தச் சிற்றினத்துக்கு எதிர்பார்க்கும் அளவிலிருந்து 20 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது, கான்டிக் என்னும் துண்டுகள் 500ஐத் தாண்டக் கூடாது என்பவை முன்னே சொன்ன ஐரோப்பிய அறிக்கையின் வரம்புகள். நல்ல தரவாக இருந்தால் துண்டுகள் நூறுக்குள் அடங்கிவிடும். செக்எம் காட்டும் கலப்படம் 5 விழுக்காட்டைத் தாண்டினால் அங்கேயே நிறுத்திவிட்டு அகார்த் தட்டுக்குத் திரும்புங்கள்.

பெயரை உறுதிசெய்தல்

எல்லாப் பாக்டீரியாவிலும் உள்ள 16எஸ் மரபணுவை மட்டும் வைத்துப் பெயர் சூட்டும் காலம் முடிந்துவிட்டது. பிளான்டாரம், பென்டோசஸ், பாராபிளான்டாரம் ஆகிய மூன்று நெருங்கிய சிற்றினங்களையும் 16எஸ் பிரித்துக் காட்டாது. முழு ஜீனோமையும் அச்சிற்றினத்தின் வகை ஸ்ட்ரெயினோடு (அந்தப் பெயருக்கு ஆதாரமாக வைத்துள்ள மூல வளர்ப்பு) ஒப்பிட்டு, சராசரி எழுத்தொற்றுமை 95 முதல் 96 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் மட்டுமே அந்தப் பெயர் பொருந்தும். பழைய லாக்டோபாசில்லஸ் பேரினம் 2020இல் 25 பேரினங்களாகப் பிரிக்கப்பட்டதால், பழைய கட்டுரைகளைத் தேடும்போது இரண்டு பெயர்களையும் இட்டுத் தேட வேண்டும்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் மருந்துக் கடைக்குப் போய் மாத்திரை அட்டைகளைத் திருப்பிப் பார்க்கலாம். ‘லாக்டோபாசில்லஸ் ஸ்போரோஜீன்ஸ்’ என்ற பெயரை நம் நாட்டில் பல ஆண்டுகளாக அச்சிட்டு வந்திருக்கிறார்கள். அந்தப் பெயர் வகைப்பாட்டு விதிகளின்படி செல்லாது. உள்ளே இருப்பது வித்து உருவாக்கும் பாசில்லஸ் கோயாகுலன்ஸ், அதுவும் இப்போது வேறு பேரினத்துக்குப் போய்விட்டது. பெயர் தவறானால் நச்சு மரபணு எது, இயல்பான எதிர்ப்பு எது என்ற பின்வரும் கேள்விகள் அனைத்தும் தவறான இடத்தில் கேட்கப்படும். வித்து உருவாக்கும் பாசில்லஸ் ஒன்று கையில் இருந்தால் அது உணவை நஞ்சாக்கும் பாசில்லஸ் சீரியஸ் குழுவைச் சேர்ந்ததா என்பதையும், ஹெச்பிஎல், என்ஹெச்இ, சைட்டோடாக்சின் கே, செரியூலைடு நச்சுகளின் மரபணுக்கள் உள்ளனவா என்பதையும் பார்த்தே ஆக வேண்டும். என்டரோகாக்கஸ் ஃபேசியம் என்றால் அதன் வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான ஆம்பிசிலின் அளவு லிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டுகிறதா, ஐஎஸ்16, ஈஎஸ்பி, ஹைல் என்ற மூன்று மரபணுக் குறிகளில் எதுவும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என் அறிவுரை, புதியவர்கள் என்டரோகாக்கஸைப் புரோபயாடிக்காக முன்வைக்கும் ஆசையையே விட்டுவிடலாம்.

நுண்ணுயிர்க்கொல்லி எதிர்ப்பு

பாதுகாப்பு மதிப்பீட்டின் நெஞ்சுப் பகுதி இதுவே. இங்கே நமக்கு இருக்கும் கவலை நம் பாக்டீரியா நோய் உண்டாக்கும் என்பதைவிட, அது சுமக்கும் எதிர்ப்பு மரபணுவைக் குடலில் இருக்கும் வேறொரு நோய்க்கிருமிக்குக் கைமாற்றிவிடும் என்பதே.

முதலில் குறைந்தது இரண்டு எதிர்ப்பு மரபணுத் தரவுத்தளங்களில் தேட வேண்டும்: ரெஸ்ஃபைண்டர், கார்டு, ஏஎம்ஆர்ஃபைண்டர் பிளஸ் ஆகியவற்றில் ஏதேனும் இரண்டு. எழுத்தொற்றுமை 80 விழுக்காட்டுக்கும், ஒப்பிடப்படும் மரபணுவின் நீளத்தில் 70 விழுக்காட்டுக்கும் மேல் பொருந்துபவற்றைக் கட்டாயம் விளக்க வேண்டும். கார்டு தளம் ‘தளர்வான’ பொருத்தங்களையும் காட்டும் வசதி தருகிறது. அதை இயக்கிவிட்டு நூற்றுக்கணக்கான பெயர்களை ஆய்வேட்டில் ஒட்டிவைப்பவர்கள் உண்டு. 30 விழுக்காடு ஒற்றுமை என்பது தூரத்து உறவுதான்; அந்தப் புரதம் வேறு வேலை செய்துகொண்டிருக்கக்கூடும்.

அடுத்து, கணினியை மூடிவிட்டு ஆய்வக மேசைக்கு வர வேண்டும். வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த மருந்தளவை, லாக்டிக் அமிலப் பாக்டீரியாவுக்கென்றே வகுக்கப்பட்ட ஐஎஸ்ஓ 10932 முறைப்படி அளந்து, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சிற்றினவாரியாகக் கொடுத்துள்ள எல்லைகளோடு ஒப்பிட வேண்டும். பிளான்டாரத்துக்கு டெட்ராசைக்ளின் லிட்டருக்கு 32 மில்லிகிராம், எரித்ரோமைசின் 1, குளோரம்பெனிகால் 8. வெறும் எம்ஆர்எஸ் ஊடகத்தில் மருந்து தோய்த்த வட்டத்தாள் வைத்து, சுற்றிலும் பாக்டீரியா வளராத மண்டலத்தை அளப்பது போதாது. அந்த ஊடகத்தின் அமிலத்தன்மையே சில மருந்துகளின் வீரியத்தை மாற்றிவிடும்.

மரபணுவும் இல்லை, அளவும் எல்லைக்குள் என்றால் நிம்மதி. மரபணு இருந்தும் அளவு எல்லைக்குள் இருந்தால் அந்த மரபணு உடைந்திருக்கலாம் அல்லது உறங்கிக்கொண்டிருக்கலாம். உறங்குவது விழித்துக்கொள்ளவும் கூடும், எனவே அதைத் தள்ளிவிட முடியாது. மரபணு தென்படாமல் அளவு மட்டும் எல்லையைத் தாண்டினால், அது அந்தச் சிற்றினத்துக்கே உரிய இயல்பான எதிர்ப்பா, இலக்குப் புரதத்தில் நேர்ந்த பிறழ்வா, தரவுத்தளத்தில் இன்னும் ஏறாத மரபணுவா என்று ஆராய வேண்டும்.

இயல்பான எதிர்ப்புக்கு வான்கோமைசின் சிறந்த எடுத்துக்காட்டு. பிளான்டாரத்தின் மேல் வான்கோமைசின் வட்டத்தாளை வைத்தால் சுற்றிலும் வெற்று மண்டலமே தோன்றாது. அதைப் பார்த்து முகம் வெளுத்துப்போன மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அந்தப் பாக்டீரியாவின் செல்சுவர்க் கண்ணியின் நுனியில் டி-அலனினுக்குப் பதிலாக டி-லாக்டேட் இருப்பதால் வான்கோமைசினால் அங்கே பற்றிக்கொள்ள முடிவதில்லை. இது அதன் பிறவிக் குணம், குரோமோசோமில் ஊன்றியது, கைமாறாது. கைமாறக்கூடிய வான்-ஏ, வான்-பி எதிர்ப்பு மரபணுத் தொகுப்புகள் இல்லை என்று மட்டும் காட்டிவிட்டு மேலே செல்லலாம்.

மரபணுவும் இருந்து எதிர்ப்பும் இருந்தால் அதன் அக்கம்பக்கத்தைப் பார்க்க வேண்டும். உதாரணமாக டெட்ராசைக்ளினுக்கு எதிர்ப்புத் தரும் டெட்-எம் மரபணு கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அது அமர்ந்துள்ள கான்டிக்கைத் திறந்து, இடமும் வலமும் உள்ள மரபணுக்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள். டிஎன்ஏ துண்டுகளை இடம் மாற்றும் டிரான்ஸ்போசேஸ், இன்டகிரேஸ் நொதிகள், பிளாஸ்மிட் என்னும் தனி டிஎன்ஏ வளையத்தின் பெருக்கப் புரதம் ஆகியவற்றில் ஏதேனும் அருகில் இருந்தால் அந்த மரபணு மூட்டை கட்டிப் பயணத்துக்குத் தயாராக இருக்கிறது என்று பொருள். ஆனால் குறும்படிப்புத் தொகுப்பில் பெரும்பாலும் அந்த இடத்திலேயே கான்டிக் முடிந்துவிடும்; ஏனென்றால் டிரான்ஸ்போசேஸ் பல பிரதிகளாக இருந்து தொகுப்பைத் துண்டாக்குகிறது. எதிர்ப்பு மரபணு கான்டிக்கின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தால் ‘அருகில் ஒன்றுமில்லை’ என்று எழுதாதீர்கள். முன்னே சொன்ன நெடும்படிப்புக்குப் பணம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

இப்படிப்பட்ட மரபணு கிடைத்தால் எல்லாம் பாழ் என்றும் இல்லை. உலகெங்கும் விற்பனையில் இருந்த ரியூட்டரி என்ற லாக்டிக் அமிலப் பாக்டீரியாவின் ஏடிசிசி 55730 என்ற ஸ்ட்ரெயினில் டெட்ராசைக்ளினுக்கும் லின்கோமைசினுக்கும் எதிர்ப்புத் தரும் மரபணுக்கள் இரண்டு பிளாஸ்மிட்களில் இருந்தன. அந்தப் பிளாஸ்மிட்களை மட்டும் நீக்கி உருவாக்கிய டிஎஸ்எம் 17938 என்ற சேய் ஸ்ட்ரெயின் பற்றிய கட்டுரை 2008இல் வெளியானது. குழந்தைகளுக்கான சொட்டு மருந்துகளில் இன்று பயன்படுவது அதுவே. குரோமோசோமில் பதிந்திருந்தால் இந்த வழி எளிதன்று. வேறு காலனியைத் தேடுவதே குறைந்த செலவு.

நச்சும் வளர்சிதைப் பொருள்களும்

நோய் உண்டாக்க உதவும் வீரியக் காரணிகளுக்கு விஎஃப்டிபி தரவுத்தளத்தில் தேடும்போது சிரிப்பூட்டும் முடிவுகள் வரும். பித்த உப்பைச் சிதைக்கும் நொதியின் மரபணு லிஸ்டீரியா என்ற நோய்க்கிருமியில் வீரியக் காரணியாகப் பதிவாகியிருக்கிறது. அதே நொதியைத்தான் புரோபயாடிக் கட்டுரைகள் கொழுப்பைக் குறைக்கும் நற்பண்பு என்று கொண்டாடுகின்றன. செல்லுக்குள் அன்றாட வேலை பார்க்கும் குரோஎல், ஈனோலேஸ் போன்றவையும் பட்டியலில் வந்து நிற்கும். இவற்றை வரிசையாகக் காட்டி அஞ்சவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம் போதும். உண்மையான நச்சு மரபணுக்களும் இரத்தச் செல்லைச் சிதைப்பவையுமே நாம் தேடுபவை, பின்னதை இரத்த அகாரிலும் பார்த்துவிட வேண்டும்.

ஹிஸ்டமின், டைரமின் உண்டாக்கும் டீகார்பாக்சிலேஸ் மரபணுக்களைத் தனியாகத் தேடுங்கள். பொதுத் தரவுத்தளங்கள் அவற்றைக் காட்டித் தருவதில்லை. மனச்சோர்வுக்காக மோனோஅமீன் ஆக்சிடேஸ் தடுப்பு மருந்து உட்கொள்பவருக்கு டைரமின் இரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். டி-லாக்டேட் உண்டாக்கும் நொதி பிளான்டாரத்தில் இயல்பாகவே உண்டு. குடலின் பெரும்பகுதி அகற்றப்பட்டவர்களுக்கு அது தொல்லை தரலாம் என்பதை அறிக்கையில் குறிப்பிட வேண்டும். பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் வைரஸ்களின் எச்சங்கள், அவற்றை எதிர்க்கும் கிரிஸ்பர் பகுதிகள் ஆகியவற்றுக்கு ஆளுக்கொரு பத்தி போதும்.

அறிக்கையும் குப்பியும்

அறிக்கையில் ஒவ்வொரு மென்பொருளின் பதிப்பு எண்ணையும், தரவுத்தளத்தைத் தேடிய தேதியையும், பயன்படுத்திய வரம்புகளையும் எழுதுங்கள். சென்ற ஆண்டு கிடைக்காத மரபணு இந்த ஆண்டுப் பதிப்பில் கிடைக்கலாம். தேதி இல்லாத ‘எதிர்ப்பு மரபணு இல்லை’ என்ற வாக்கியத்தை யாராலும் சரிபார்க்க முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் ஸ்ட்ரெயின் அளவிலான அடையாளத்தையும் எதிர்ப்பு, நச்சுச் சோதனைகளையும் கேட்கின்றன; உங்கள் ஜீனோம் முடிவுகளை அந்தத் தலைப்புகளின் கீழேயே அடுக்கினால், படிப்பவருக்கும் எளிது, எது விடுபட்டது என்பது உங்களுக்கும் தெரிந்துவிடும். அந்த வழிகாட்டுதல்கள் கேட்கும் விலங்குச் சோதனையும் மனிதர்களிடம் செய்யும் ஆய்வும் ஜீனோம் வந்துவிட்டதால் தேவையற்றுப் போய்விடவில்லை.

ஸ்ட்ரெயினைச் சண்டிகரிலுள்ள எம்டிசிசி போன்ற நுண்ணுயிர்க் காப்பகத்தில் ஒப்படைத்துப் பதிவெண் பெறுங்கள். உறைநிலைக் குப்பிகளைக் குறைந்தது இரண்டு கட்டடங்களில் வையுங்கள்; புயல் மழையில் மூன்று நாள் மின்சாரம் இல்லாமல் ஒரு பெட்டி முழுவதும் உருகிப்போன அனுபவம் எங்களுக்கு உண்டு. ஆய்வகத்தில் பலமுறை மறுவளர்ப்புச் செய்த பாக்டீரியா பிளாஸ்மிட்டை இழந்திருக்கலாம், வேறொன்று கலந்திருக்கலாம். எனவே உற்பத்திக்கோ மருத்துவ ஆய்வுக்கோ கொடுக்கும் முன் அந்தக் குப்பியிலிருந்தே மீண்டும் ஒருமுறை வரிசைப்படுத்தி, முதல் ஜீனோமோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கையொப்பமிடுங்கள்.